தொண்ணூறுகளின் வண்ணாரப்பேட்டைப் பிள்ளைகள்: சிம்ஸ் 4 உடைகளில் வரும் கோளாறுகளைச் சரிசெய்வது

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் வளர்ந்த தெருவை, 1994, 95 வாக்கில் இருந்தபடியே சிம்ஸ் 4 என்ற கணினி ஆட்டத்துக்குள் கட்டிக்கொண்டிருக்கிறேன். வீடுகள் சீக்கிரம் எழும்பிவிட்டன. தெருவில் ஓடுகிற பிள்ளைகளுக்கு உடுத்திவிடுவதில்தான் ஆறு மாதம் போனது. பட்டுப்பாவாடை, பஃப் கை கவுன், காக்கி டிராயர், தாவணி எதுவும் நமக்குத் தெரிந்த வடிவத்தில் ஆட்டத்தோடு வருவதில்லை. யாராவது செய்து வைத்திருப்பதை இறக்க வேண்டும், அல்லது நாமே செய்ய வேண்டும். இரண்டிலும் கோளாறு வரும்.

ஆட்டத்தின் அடிப்படைப் பதிப்பு 2022 அக்டோபரிலிருந்து இலவசம். உடையை ஆட்டத்துக்கு ஏற்றதாக ஆக்கும் சிம்ஸ் 4 ஸ்டுடியோ, அதன் உருவத்தைத் திருத்தும் பிளெண்டர், துணியின் படத்தை வரையும் கிம்ப் மூன்றுக்கும் காசு கிடையாது. ஆரம்பிக்கும் முன்னால், இறக்கிய உடைகளைப் போடும் மாட்ஸ் ஃபோல்டரையும் ஆட்டத்தைச் சேமிக்கும் சேவ் ஃபோல்டரையும் வேறு இடத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கிய உடை பட்டியலிலேயே வரவில்லை

முதலில் கேம் ஆப்ஷன்ஸில் மாட்ஸை அனுமதிக்கும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் ஆட்டம் அந்த டிக்கைத் தானாகவே எடுத்துவிடும். நேற்று வரை இருந்த பாவாடை இன்று காணோம் என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். டிக் போட்டபின் ஆட்டத்தை மூடித் திறக்க வேண்டும்.

அப்படியும் வரவில்லை என்றால், ஜிப் கோப்பைப் பிரிக்காமல் அப்படியே போட்டிருப்பீர்கள். பிரித்தால் கிடைக்கும் பேக்கேஜ் கோப்புதான் மாட்ஸ் ஃபோல்டரில் இருக்க வேண்டும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஐந்து அடுக்கு வரை ஆட்டம் தேடும், அதற்குக் கீழே இறங்காது.

உடை வருகிறது, ஆனால் பழைய சின்னப் படமே தெரிகிறது என்றால், மாட்ஸ் ஃபோல்டருக்கு வெளியே இருக்கும் லோக்கல்தம்ப்கேஷ் கோப்பை அழித்துவிடுங்கள். ஆட்டம் அதைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளும்.

உடையைப் போட்டதும் உடம்பின் ஒரு பகுதி மறைந்துவிடுகிறது

நீங்கள் இறக்கியது நிறம் மாற்றிய பதிப்பு மட்டும். அதற்கு அடியில் இருக்கும் மெஷ், அதாவது உடையின் உருவம், தனிக் கோப்பு. அதைச் செய்தவரின் பக்கத்தில் தேடி அதையும் இறக்குங்கள்.

"குழந்தை" என்று டிக் போட்டேன், உருவம் கோணிக்கொண்டு நிற்கிறது

ஆட்டத்தில் கைக்குழந்தை, நடை பழகும் குழந்தை, பள்ளிக்குப் போகும் குழந்தை, இந்த மூன்றுக்கும் தனித்தனி உடம்பு. பதின்பருவத்திலிருந்து முதியவர் வரை எல்லோருக்கும் பொதுவாக ஒரே சட்டகம், ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. அதனால் பெரியவர்களுக்குச் செய்த உடையை ஸ்டுடியோவில் டிக் போட்டுக் குழந்தைக்குக் கொடுக்க முடியாது. குழந்தை மெஷ்ஷிலிருந்தே தொடங்க வேண்டும்.

இதில் நமக்கு ஒரு நன்மை இருக்கிறது. குழந்தை உடம்பு ஆண், பெண் இருவருக்கும் ஒன்றேதான். அக்காவுக்குச் செய்த சட்டை தம்பிக்கும் அப்படியே பொருந்தும். தம்பியின் பட்டியலில் அது தெரியாவிட்டால் வடிகட்டிதான் மறைக்கிறது, ஆண், பெண் குறியீட்டை நீக்கிவிட்டுப் பாருங்கள்.

தாவணிக்கு இதற்கு நேர் எதிரான வேலை. பெரியவர்களின் சட்டகத்தில் செய்துவிட்டு, ஸ்டுடியோவில் வயது வரிசையில் பதின்பருவத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பாட்டிகளின் பட்டியலிலும் தாவணி வந்து நிற்கும். மெலிந்த பெண்ணுக்குச் சரியாக இருந்து, கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும் பெண்ணுக்கு ரவிக்கையைத் தாண்டித் தோல் தெரிந்தால், மெஷ்ஷின் இரண்டாவது யூவி அடுக்கு சரியில்லை. உடம்பு பருக்கும்போது உடையும் கூடப் பருக்க வேண்டும் என்று சொல்வது அந்த அடுக்குதான். ஆட்டத்தின் உடம்பு மெஷ்ஷிலிருந்து அதை மாற்றிக் கொண்டுவாருங்கள்.

பிறந்தநாள் கழிந்ததும் பெண் என்னத்தையோ உடுத்திக்கொண்டு நிற்கிறாள்

மேலே சொன்ன சட்டக வித்தியாசத்தின் விளைவுதான் இது. குழந்தையின் உடைகள் எதுவும் பதின்பருவத்துக்குச் செல்லாது. அதனால் வயது ஏறிய நொடியில் ஆட்டம் கையில் கிடைத்ததை உடுத்திவிடும். இதைத் தடுக்க முடியாது, உடனே திருத்தலாம். கண்ணாடி அல்லது அலமாரி வழியாக உடை மாற்றும் திரைக்குப் போங்கள்.

நான் பிறந்தநாளுக்கு முன்பே தாவணி செட்டைத் தயார் செய்து வைத்துவிடுகிறேன். எங்கள் தெருவில் பாவாடை சட்டையிலிருந்து தாவணிக்கு மாறுவது ஒரே நாளில் நடந்தது. தாய்மாமன் தட்டில் வைத்துக் கொண்டுவருவார், மறுநாளிலிருந்து அந்தப் பெண் வேறு ஆளாகத் தெருவில் நடப்பாள். அதனால் இந்த இடத்தில் ஆட்டம் செய்வதை நான் கோளாறு என்று மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே இரவில் உடை மாறுகிறது என்கிற விஷயம் சரிதான், உடைதான் தப்பு.

ஓடும்போது பாவாடையைக் கிழித்துக்கொண்டு கால் வெளியே வருகிறது

அதிகம் பேர் கைவிடும் இடம் இது. பொறுமையாகச் செய்தால் சரியாகிவிடும்.

உடையின் ஒவ்வொரு புள்ளியும் எந்த எலும்போடு எவ்வளவு நகர வேண்டும் என்பதற்கு வெயிட் என்று ஒரு கணக்கு உண்டு. பேண்ட்டை நகலெடுத்து அகலமாக்கிப் பாவாடை செய்தால், இடது பாதி இடது காலோடும் வலது பாதி வலது காலோடும் ஓடும், நடுவில் பிளந்துவிடும். பாவாடையின் நடுப்பகுதி இரண்டு காலுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதைக் கையால் வரைவது பெரும்பாடு. ஆட்டத்திலேயே குழந்தைகளுக்கு இருக்கும் நீளமான கவுன் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் மெஷ்ஷை பிளெண்டரில் பக்கத்தில் கொண்டுவந்து, டேட்டா டிரான்ஸ்ஃபர் மூலம் வெயிட்டை உங்கள் பாவாடைக்கு மாற்றுங்கள். அருகில் உள்ள ஃபேஸிலிருந்து, அதாவது மெஷ்ஷின் சின்னப் பரப்பிலிருந்து, சராசரியாக எடுக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால் மடிப்பு பிசிறில்லாமல் வரும்.

அப்புறம், உடையின் மெஷ்ஷில் வெளியே தெரியும் காலின் தோலும் சேர்ந்தே இருக்கும். பாவாடை மறைக்கிற முழங்கால் பகுதியை மெஷ்ஷிலிருந்தே நீக்கிவிடுங்கள். இல்லாத முழங்கால் வெளியே குத்தாது. கணுக்கால் பகுதி மட்டும் இருந்தால் போதும்.

இவ்வளவு செய்தும் தரையில் உட்காரும்போது கொஞ்சம் குத்தும். பல்லாங்குழி ஆடுவது போல மடக்கி உட்காரும் நிலைக்கு எந்த வெயிட்டும் முழுதாகப் பொருந்துவதில்லை. நான் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

கேமராவைத் தள்ளினால் பாவாடை மறைந்து பழைய கவுன் தெரிகிறதா? தூரத்துக்கு ஏற்ப ஆட்டம் நான்கு மெஷ்களைப் பயன்படுத்தும், பூஜ்ஜியத்திலிருந்து மூன்று வரை. நீங்கள் முதலாவதை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். மற்ற மூன்றிலும் அதே பாவாடையை, புள்ளிகளைக் குறைத்து, ஏற்றுங்கள்.

ஜரிகை பார்டர் கையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது

உடம்பு, சட்டை, பாவாடை, செருப்பு எல்லாமே 1024 அகலம், 2048 உயரம் உள்ள ஒரே படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் அந்தப் படத்தில் ஓர் இடம் உண்டு. உங்கள் ஜரிகை எல்லையைத் தாண்டி நாலு பிக்சல் வழிந்தால் அது பக்கத்து வீட்டுக்காரரான கையில் போய்த் தெரியும். மூலப் படத்தை அடியில் வைத்து, அதன் எல்லைக்கு வெளியே இருப்பதை அழியுங்கள்.

பட்டு பிளாஸ்டிக் போல மின்னுகிறது, பள்ளிச் சட்டையும் மின்னுகிறது

மினுமினுப்பு வண்ணப் படத்தில் இல்லை, ஸ்பெகுலர் என்ற தனிப் படத்தில் இருக்கிறது. நகலெடுத்த மூல உடையின் மினுமினுப்பே உங்கள் உடைக்கும் வந்துவிடும். பருத்திக்கும் நைந்த துணிக்கும் அதை வெறுமையாக்க ஸ்டுடியோவில் ஒரு பொத்தான் இருக்கிறது. பட்டுக்கு மட்டும் வெறுமையாக்காதீர்கள். பாவாடையின் உடல் பகுதியைக் கறுப்புக்கு அருகிலும் ஜரிகைக் கரையை வெளிர் சாம்பலிலும் வைத்துப் பாருங்கள். வெயிலில் திரும்பும்போது கரை மட்டும் பளிச்சிடும். தீபாவளி காலையில் வாசலில் நிற்கும் பெண்ணுக்கு அந்தப் பளிச்சு வேண்டும்.

கட்டம் போட்ட துணி குழம்பித் தெரிகிறது, அல்லது அண்ணனுக்கும் தங்கைக்கும் வேறு துணி போல இருக்கிறது

குழப்பத்துக்கு முதல் காரணம் கிராஃபிக்ஸ் அமைப்பு. சிம்களின், அதாவது ஆட்டத்து மனிதர்களின், டெக்ஸ்சரை (மேலே பூசும் படத்தை) சுருக்காமல் காட்டும் தேர்வு அங்கே இருக்கிறது, லேப்டாப் மோடை எடுத்துவிட்டு அதைப் போடுங்கள். ஒரு பிக்சல் கோடுகளால் ஆன கட்டம் எந்த அமைப்பிலும் நிற்காது. கோட்டை மூன்று பிக்சலாவது தடிமனாக வையுங்கள்.

இரண்டாவது பிரச்சினை நம் ஊருக்கே உரியது. எம்.சி. ரோட்டில் அம்மா ஒரே தானிலிருந்து துணி வெட்டி வாங்குவார். அதில் அண்ணனுக்குச் சட்டை, எனக்குக் கவுன், மீதித் துண்டில் பாப்பாவுக்கு ஜபலா. மூன்று பேரும் ஒன்றாக நடந்தால் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று தெரு முனையிலிருந்தே தெரியும். இதை ஆட்டத்தில் கொண்டுவர நினைத்தால், சிம்ஸ் 3 போல எந்த உடைக்கும் எந்தத் துணியையும் பூசும் வசதி இங்கே இல்லை. ஒவ்வொரு நிறத்தையும் ஸ்வாட்சாக, அதாவது அந்த உடையின் ஒரு நிற வகையாக, நாம்தான் செய்து தர வேண்டும். துணியின் ஒரு சதுரத்தை கிம்ப்பில் ஒரு முறை செய்து, மூன்று உடைகளிலும் நிரப்புங்கள். பெரிய அண்ணன் பதின்பருவம் என்றால் அங்கேதான் பிடி நழுவும். அவன் உடம்பு பெரியது, குழந்தை உடம்பு சிறியது, படத்தின் அளவோ ஒன்றே. ஒரே கட்டம் குழந்தை மேல் சிறுத்துத் தெரியும். அண்ணனுக்கு 20 பிக்சல் வைத்த கட்டத்தை நான் தங்கைக்கு 26 வைத்தபோதுதான் இரண்டும் ஒரே தானில் வெட்டியது போல வந்தது.

வெள்ளை கண்ணைக் கூசுகிறது

ஆட்டத்தின் வெள்ளை அமெரிக்க வாஷிங் மெஷின் வெள்ளை. எங்கள் பக்கம் அடிபம்பில் வருவது உப்புத் தண்ணீர். அதில் துவைத்துத் துவைத்துப் பள்ளிச் சட்டை பழுப்பேறும், அதை மறைக்கச் சொட்டு நீலம். ஆகவே நிறம், மிக வெளிறிய பழுப்பின் மேல் மெல்லிய நீலம். காலரின் உள்பக்கமும் அக்குளும் கொஞ்சம் அதிகப் பழுப்பு, தையல் ஓரங்களில் நீலம் தங்கிய திட்டு. அலுவலகம் போகும் அப்பாவின் சட்டைக்கும் இதே நிறம் பொருந்தும்.

ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் யூனிஃபார்மில் திரிகிறார்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்காவில் காக்கி டிராயர் கூட்டம் நின்றால், ஸ்டுடியோவில் அந்த உடைக்கு "சீரற்ற தேர்வுக்கு அனுமதி" இருக்கிறது என்று பொருள். அதை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். ஏற்கெனவே உடுத்தியிருப்பவர்களை ஒவ்வொருவராகத்தான் மாற்ற வேண்டும்.

யூனிஃபார்மை அன்றாட உடையின் ஐந்து செட்டில் ஒன்றாக வைப்பது எனக்கு வசதியாக இருக்கிறது. ஒன்று யூனிஃபார்ம், ஒன்று வெளியே போக, ஒன்று வெறுங்காலோடு வெளுத்த வீட்டுக் கவுன். இந்த மூன்றாவதை மறந்துவிடாதீர்கள். தெருவில் பிள்ளைகள் அதிக நேரம் இருந்தது அதில்தான்.

ரிப்பன் நிறத்தை மாற்றினால் முடி நிறமும் மாறுகிறது

ரிப்பனை முடியின் படத்திலேயே வரைந்திருக்கிறார்கள். இரட்டை ஜடை மடித்துக் கட்டிய முடியை ரிப்பன் இல்லாமல் தனியாகவும், ரிப்பனைத் தொப்பிப் பிரிவில் தனி அணியாகவும் செய்ய வேண்டும். மல்லிகைச் சரத்துக்கும் அதே வழி. பள்ளி நாளுக்கு ஒரு நிறம், வெள்ளிக்கிழமைக்குப் பூ என்று செட்டுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். பொட்டை முக ஒப்பனைப் பிரிவில் செய்யுங்கள், சாந்துக்கு ஓரம் கொஞ்சம் கலங்கலாகவும் ஸ்டிக்கருக்கு வெட்டினாற்போலவும். முடியின் ஸ்பெகுலரை மட்டும் தைரியமாக ஏற்றுங்கள், தேங்காய் எண்ணெய் தெரிய வேண்டும்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் அந்தக் காலம் இல்லை

எனக்கு நான்கு மாதம் பிடிபடாத கோளாறு இது. துணி சரி, நிறம் சரி, பார்டர் சரி. ஆனாலும் படம் எடுத்துப் பார்த்தால் விளம்பரத்தில் வரும் பிள்ளைகள் போலவே இருந்தார்கள். அம்மா வீட்டிலேயே மிஷின் போட்டு முப்பது வருடம் தைத்தவர். திரையில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்னாடி இது, அளவெடுத்து ஒட்டுன மாரி கீது. வளர்ற புள்ளைக்கு யாருடி இப்டி தைப்பாங்க?"

அதுதான் காரணம். அந்தக் காலத்து உடை பிள்ளையின் உடம்புக்குத் தைத்தது இல்லை, இரண்டு வருடம் கழித்து வரப்போகும் உடம்புக்குத் தைத்தது. சட்டைத் தோள் இறங்கிக் கிடக்கும், அரைக்கை முழங்கையைத் தொடும், டிராயரின் கால் வாய் அகன்று நிற்கும். ஆட்டத்தின் மெஷ்கள் எல்லாம் உடம்போடு ஒட்டியவை. அவற்றின் மேல் எந்தத் துணியை வரைந்தாலும் இந்தக் காலத்துப் பிள்ளைதான் தெரியும்.

சரிசெய்ய, பிளெண்டரில் சட்டையின் புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து ஆல்ட், எஸ் அழுத்தி மெல்ல வெளியே ஊதுங்கள். கழுத்திலும் இடுப்பிலும் உடம்போடு சேரும் ஓரப் புள்ளிகளைத் தொடாதீர்கள், தொட்டால் அங்கே இடைவெளி விழும். பிறகு தோள் தையலைக் கீழே இழுத்து, கையை முழங்கை வரை நீட்டுங்கள். பதின்பருவப் பையன்களின் பேகி பேண்ட்டுக்கும் இதே வேலை, இடுப்பில் பிளீட்டும் கணுக்காலில் குறுகலும் சேர்த்து. அவர்களுக்கு நடு வகிடு, காலருக்குள் மடித்த கர்ச்சீஃப், கையில் பர்மா பஜார் டிஜிட்டல் வாட்ச், வீட்டில் கைலியும் கையில்லா பனியனும் போதும். விளக்கு எரியும் ஷூவும் பக்கத்தில் பை வைத்த கார்கோ பேண்ட்டும் எங்கள் தெருவுக்கு அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான் வந்தன, 95க்குள் கலக்காதீர்கள். பெண்களுக்கு மிடியும், துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்திய சுடிதாரும் 1993 ஏப்ரலில் சன் டிவி வந்த பிறகு எங்கள் பக்கம் வேகமாகப் பரவின. தாவணியும் சுடிதாரும் ஒரே வீட்டில் இருந்தன, அக்காவுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று.

கடைசியாகப் பாவாடையின் மடிப்பு. அம்மா பாவாடையின் கீழே இரண்டு விரல் அகலத்தில் இரண்டு டக் பிடித்துத் தைப்பார். தீபாவளிக்கு ஒன்றாக அவிழ்ப்பார். அவிழ்த்த இடத்தில் வெளுக்காத துணி ஒரு கோடாகத் தெரியும். அதை எப்படிச் செய்வது என்று முதலில் தடுமாறினேன். ஆட்டத்தில் ஒரு பருவம் முழுக்கப் பிள்ளையின் உயரம் மாறாது. டக் அவிழ்ப்பதும் உயரத்துக்கு ஈடு கொடுக்கத்தான், பாவாடை எப்போதும் கணுக்காலிலேயே நிற்கும். ஆகவே மெஷ் ஒன்றே போதும், ஸ்வாட்ச் மட்டும் மாறினால் சரி. முதல் ஸ்வாட்சில் இரண்டு டக்கின் நிழல். இரண்டாவதில் ஒரு டக், ஒரு அடர்ந்த கோடு, துணி கொஞ்சம் வெளுத்து. மூன்றாவதில் டக் இல்லை, இரண்டு கோடு, இன்னும் வெளுத்து. சீசன்ஸ் என்ற கூடுதல் பேக் இருந்தால் நாட்காட்டியில் தீபாவளியை நாமே விடுமுறையாகச் சேர்க்கலாம், அன்று ஸ்வாட்சை மாற்றிவிடுகிறேன்.

நான்காவதாக இன்னொரு ஸ்வாட்சும் வேண்டும் என்று அம்மா சொல்லிச் செய்தேன். வெளுத்த துணியில் பழைய இரண்டு கோடு அப்படியே இருக்க, அவற்றுக்கு மேலே புதிதாகப் பிடித்த இரண்டு டக். அது தங்கைக்கு.